பதினாறு நிறத்தில் தங்கலெட்சுமி

பதுளைக் கடைவீதியில் முதன்முதலில் கம்ப்யூட்டர் வைத்தது யார் என்று கேட்டால், இன்றைக்கும் நாலு பேர் நாலு பெயரைச் சொல்வார்கள். அதில் எது உண்மை என்று ஆராய யாருக்கும் பொழுதில்லை. ஆனால் முதன்முதலில் ஸ்கேனர் வைத்தது ஸனூஸ்தான், அதில் வழக்கே கிடையாது. தொண்ணூற்றாறாம் ஆண்டு. மனைவி றின்ஸாவின் இரண்டு வளையல்களும் அந்த மெஷினுக்குள் போயின. படத்தைக் கவிழ்த்து வைத்து மூடியை மூடினால் உள்ளே ஒரு வெள்ளை வெளிச்சம் ஊர்ந்து போகும். கொஞ்ச நேரத்தில் அதே படம் திரையில் மேலிருந்து கீழாக இறங்கும். அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் பிளேன்டீயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

"கடதாசிப் படம் மங்கும், பூஞ்சணம் புடிக்கும். கம்ப்யூட்டர்ல ஏறின படம் கியாமத்து நாள் வரைக்கும் அப்படியே நிக்கும்" என்று ஸனூஸ் அவர்களுக்குச் சொல்வார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஸனூஸ் நன்றாகவே பிழைத்தார்.

இப்போது அவருக்கு அறுபத்திரண்டு. கடையில் போன் கவரும் சார்ஜரும் தொங்குகின்றன. மகள் ஜிப்னா உள்மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கல்யாண அட்டைகள் செய்கிறாள். ஸனூஸ் வாசலில் உட்கார்ந்து போட்டோகாப்பி எடுத்துக் கொடுப்பார். கம்ப்யூட்டர் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுவார். வயசாகிவிட்டது, அதனால் வெறுத்துப் போச்சு என்று ஜிப்னா நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை முப்பது வயதுக்காரி ஒருத்தி வந்து நின்றாள். கையில் மஞ்சள் துணியில் சுற்றிய சிறு பொட்டலம்.

"ஸனூஸ் நானா நீங்கதானுங்களா? நான் ஜீவராணி. தம்பையாவோட மக. பெரியாயி அத்தைதான் என்னைய வளத்தாங்க."

தம்பையா என்ற பேரைக் கேட்டதும் ஸனூஸ் போட்டோகாப்பி மெஷினை நிறுத்தினார். அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஒரு கறுப்பு டிஸ்க். சட்டைப்பையில் அடங்குகிற பழங்காலத்துப் பிளாப்பி. அதன் தகட்டு மூடியில் குங்குமம் அடையடையாக ஏறியிருந்தது. விளக்குப் புகை படிந்து லேபிள் பழுப்பாகியிருந்தது. ஆனாலும் ஸனூஸின் கையெழுத்து தெரிந்தது: தங்கலெட்சுமி.

"எங்கம்மா" என்றாள் ஜீவராணி. "என்னையப் பெத்துட்டு மூணாம் நாளே போயிட்டாங்க. அம்மா இதுக்குள்ளதான் இருக்காங்கன்னு அத்தை சொல்லுவாங்க. சாமித் தட்டுல வெச்சு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பொட்டு வெப்போம். இப்ப எம்பொண்ணு மதுஷா பெரிய மனுஷியாயிட்டா நானா. வர்ற ஞாயித்துக்கெழமை சடங்கு. எங்க வீட்டு வழக்கத்துல, நல்லது நடந்தா செத்துப்போன தாய்க்குத்தான் மொதல்ல சேலை வெச்சுக் கும்புடணும். அவங்க கல்யாணத்துக்குக் கட்டுன அதே கலர்ல. பெறகு அந்தச் சேலையத்தான் பொண்ணு கட்டும். அம்மா என்னா கலர் கட்டியிருந்தாங்கன்னு படத்தைப் பாத்துச் சொல்லுங்க. அப்படியே பெருசா ஒரு பிரின்ட்டும் போட்டுக் குடுங்க."

அத்தை பெரியாயி கொரோனாக் காலத்தில் போய்விட்டாளாம். கேட்டால் ஒரு நாளைக்குக் குங்குமக் கலர் என்பாளாம், ஒரு நாளைக்கு மாதுளம்பூ என்பாளாம். தம்பையா இறந்த கையோடு அத்தையும் இவளும் மொனராகலைப் பக்கம் போய்விட்டதால், அந்தக் கல்யாணத்தைப் பார்த்தவர்கள் யாருடனும் பழக்கமில்லை. இத்தனை வருஷம் ஏன் வரவில்லை என்று ஸனூஸ் கேட்கவில்லை. பத்திரமாக இருக்கிற சாமானைத் தேடி யார் ஓடுவார்கள்?

"சனிக்கிழம வாங்க மகள்" என்றார். "தேடி வைக்கிறன்."

அவள் போன பிறகு ஸனூஸ் அந்த டிஸ்க்கை வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

தொண்ணூற்றாறில் தம்பையா வந்த நாள் அவருக்கு ஞாபகம் இருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக் கூரை ஒழுகி, டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, அவன் பெண்சாதியின் ஒரே படத்தின் ஓரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தது. கல்யாணத்தன்று ஸ்டூடியோவில் எடுத்த கலர் படம். பெண்சாதி இறந்து இரண்டு வருஷம். "கலரு போகாதுங்களே?" என்று மூன்று முறை கேட்டான். போகாது என்று ஸனூஸ் மூன்று முறையும் சொன்னார்.

அங்கேதான் வந்தது வினை. அந்தக் காலத்து மெஷின்களில் திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் இத்தனை நிறம்தான் என்று ஒரு வரம்பு இருந்தது. சிலதில் பதினாறு, சிலதில் இருநூற்றைம்பத்தாறு, திரைக்கென்று ஒரு நல்ல கார்டு போட்டால் கோடிக்கு மேல். ஸனூஸின் மெஷினில் இருந்தது நல்ல கார்டுதான். ஆனால் அதை இயக்குகிற டிஸ்க்கைக் கொழும்பில் விற்றவன் கொடுக்கவில்லை, கேட்க ஸனூஸுக்கும் தெரியவில்லை. அதனால் அவர் திரை பதினாறு நிறத்திலேயே நின்றது. ஸ்கேனர் படத்தை முழு நிறத்தோடுதான் உள்ளே அனுப்பியது. திரை அதைப் பதினாறுக்குள் அடக்கி, சிவப்பும் சாம்பலும் மஞ்சளுமாகப் புள்ளி குத்திக் காட்டியது. முழு நிறப் படம் பிளாப்பியில் அடங்காது. பதினாறு நிறமாகக் குறைத்துச் சேமித்தால் எலிக்குட்டி மாதிரி சுருங்கிவிடும். குறைத்துப் பார்த்தார். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. கண்ணுக்குத் தெரியாத நிறத்தைக் கட்டி அழுவானேன் என்று பெரிய படத்தை அழித்தார். தம்பையாவுடைய படத்தை மட்டுமல்ல, முப்பது குடும்பத்துப் படங்களை அப்படிச் சுருக்கினார். தம்பையா அந்த டிஸ்க்கைக் கும்பிட்டு வாங்கிப் போனான். அவன் லயத்தில் அன்றைக்குக் கரண்டே கிடையாது.

அதுவரை நடந்தது அறியாமை. அதை அல்லாஹ் மன்னிப்பான், ஆட்களும் மன்னிப்பார்கள். ஸனூஸைத் தின்றது அதற்குப் பிறகு நடந்தது.

தொண்ணூற்றெட்டில் கண்டியிலிருந்து வந்த ஒரு சினேகிதன் கொழும்புக்காரன் கொடுக்காத, கார்டை இயக்குகிற அந்த டிஸ்க்கைக் கொண்டுவந்து போட்டான். மெஷினை மறுபடி திறந்தபோது திரை கண் திறந்த மாதிரி இருந்தது. மகள் ஜிப்னாவின் முதலாம் பிறந்தநாள் படத்தைப் புதிதாக ஸ்கேன் செய்து பார்த்தார். பிள்ளையின் கன்னத்துச் சிவப்பு, கேக்கின் ரோஸ், றின்ஸாவின் முக்காட்டில் நிழல் விழுந்த இடம், எல்லாம் இருந்தன. பிறகு பழைய படங்களைத் திறந்தார். அவை பழையபடியே, புள்ளி புள்ளியாக, அம்மை போட்ட முகங்களாகக் கிடந்தன. மெஷினுக்கு நிறம் வந்துவிட்டது, படங்களுக்கு வரவில்லை. அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து தன் வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினார். வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் கடைவீதி சிரிக்கும். யாராவது வந்து கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். யாரும் கேட்கவில்லை.

ஒருத்தி மட்டும் கேட்டாள். அடுத்த வருஷம், தேர்தல் நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்த ஒரு பகல் பொழுதில், பெரியாயி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்கு வந்தாள். தம்பையா விடியற்காலையில் இறந்துவிட்டான். பிரேதம் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தது. அவள் கையில் தலையணைக்கடியில் இருந்து எடுத்த அந்தப் படம் இருந்தது.

"தம்பி சாகும்போது கேட்டுச்சு நானா, அந்தப் படத்தை என் நெஞ்சு மேல வெச்சுப் பொதைங்கன்னு. சின்னப்புள்ள ஒண்ணு இருக்கு, அஞ்சு வயசு. அதுக்குத் தாயோட மொகம் வேணும்ல? ஒங்க மெஷின்ல பத்திரமா இருக்குன்னா வெச்சிர்றேன். இல்லேன்னா புள்ளைக்குன்னு வெச்சிக்கிறேன். நீங்க சொல்றதுதான்."

படம் அவள் கையில் இருந்தது. ஸ்கேனர் இரண்டடி தூரத்தில் இருந்தது. "இங்க தாங்க, இன்னொருக்கா ஏத்துவம்" என்று சொல்லியிருந்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் ஏன் இன்னொரு தடவை என்று அவள் கேட்பாள். நோட்டீஸுக்கு நின்றிருந்த ஆறேழு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஸனூஸ் தலையைத் தூக்காமலே, "படம் பத்திரமா ஈக்கி அக்கா, நீங்க தைரியமா வைங்க" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தை மடியில் செருகிப் போய்விட்டாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பத்து நிமிஷத்தை ஸனூஸ் எத்தனையோ தொழுகைகளில் திருப்பிக் கேட்டிருக்கிறார்.

கூரையடி அட்டத்தில் இருந்த பெட்டியை இறக்கி அவருடைய பழைய டிஸ்க்குகளைத் தேடி எடுக்க மூன்று நாள் ஆனது. ஜீவராணி கொண்டுவந்த டிஸ்க்கைக் கடையில் கிடந்த பழைய மெஷின் வாசிக்கவே மறுத்தது, குங்குமம் உள்ளே வரை இறங்கியிருந்தது. அவர் வைத்திருந்த பிரதி திறந்தது. ஜிப்னாவின் புது லேப்டாப்பில் அந்தப் படம் தீப்பெட்டி அளவுக்குத்தான் வந்தது. பெரிதாக்கினால் தங்கலெட்சுமி காணாமல் போனாள். முகம் இருந்த இடத்தில் சாம்பலும் பழுப்பும் கரும்பச்சையுமாகப் புள்ளிகள். சேலை இருந்த இடத்தில் அழுக்குச் சிவப்பு. தள்ளி நின்று கண்ணைச் சுருக்கினால் ஒரு பெண் நிற்பது தெரிந்தது. கிட்டே வந்தால் போய்விட்டாள்.

"இதுக்கா வாப்பா இப்பிடி ஈக்கிறீங்க?" என்றாள் ஜிப்னா. போனை எடுத்து ஏதோ ஒரு செயலியில் அந்தப் படத்தைப் போட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மாநிறத்தில் ஒரு பெண், தளதளவென்ற கன்னம், பட்டுச் சேலையில் சரிகை மின்னியது. கண்ணில் வெளிச்சம்கூட இருந்தது.

"இது யாரு?" என்று கேட்டார் ஸனூஸ்.

"அந்த அக்காட உம்மாதான்."

"இல்ல. இது ஒன்ட போன் நெனச்சிக்கொண்ட ஒரு பொம்புள."

"அவங்களுக்கு என்ன தெரியப் போவுது வாப்பா? சந்தோஷமாக் கொண்டு போவாங்க."

அதுதான் பயமாக இருந்தது. அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஸனூஸ் அந்த இரவு சாப்பிடவில்லை. றின்ஸா கேட்டாள். இருபத்தைந்து வருஷமாகச் சொல்லாததை அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னார். அவள் திட்டவில்லை. "அந்தப் புள்ளைட்ட சொல்லுங்க. என்கிட்டச் சொல்லி என்ன ஆவப் போவுது" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை ஜீவராணி காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். ஸனூஸ் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, புள்ளிப் படத்தை உள்ளபடியே காட்டினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பதினாறு நிறத்தைச் சொன்னார், அழித்ததைச் சொன்னார். தன் மகளின் படங்களை மட்டும் திரும்ப ஏற்றியதைச் சொல்லும்போது ஜிப்னா எழுந்து வெளியே போய்விட்டாள். பெரியாயி படத்தோடு வந்து நின்றதையும் தான் தலைதூக்காமல் பதில் சொன்னதையும் கடைசியாகச் சொன்னார்.

"தெரிஞ்சுதான் சொன்னன் மகள். வெக்கத்துக்குப் பயந்து சொன்னன்."

ஜீவராணி திரையைத் தொட்டாள். பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள். அழுவாள் என்று ஸனூஸ் எதிர்பார்த்தார். அழுதிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"படத்தை அப்பாவோட வெச்சிட்டேனே, புள்ளைக்கு இல்லாமப் பண்ணிட்டேனேன்னு அத்தை சாகுற வரைக்கும் பொலம்பும் நானா" என்றாள் மெதுவாக. "நான்தான் சமாதானஞ் சொல்லுவேன். கம்ப்யூட்டர்ல இருக்கு அத்தை, ஸனூஸ் நானா பொய் சொல்ல மாட்டாருன்னு."

ஸனூஸுக்கு மன்னிப்புக் கேட்கக்கூட அருகதை இல்லாத மாதிரி இருந்தது.

அவள் எழுந்தாள். "சரி, வாங்க."

"எங்க?"

"சேலைக் கடைக்கு. எங்கம்மாவ நெறத்தோட பாத்தவங்கள்ல இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான் உசுரோட இருக்கீங்க. படத்தைக் கையில வாங்கினீங்கல்ல? வந்து எடுத்துக் காட்டுங்க. நாளைக்குச் சடங்கு."

ஸனூஸ் கூடவே நடந்தார்.

நாலு கடை தள்ளியிருந்த துணிக்கடையில் ஸனூஸுக்குத் தெரிந்த ஸைனப் என்ற பெண் நின்றாள். சிவப்பு வகை எல்லாம் எடுத்துப் போடச் சொன்னாள் ஜீவராணி. ஸைனப் பலகை மேல் விரித்துக்கொண்டே போனாள். குங்குமம், மாதுளை, அரக்கு, செங்கல், தக்காளி, செம்பருத்தி. ஒரு சிவப்புக்குள் இத்தனை சிவப்பு உண்டு என்று ஸனூஸ் இத்தனை வயசில் நின்று பார்த்ததில்லை. ஜீவராணி சேலைகளைப் பார்க்கவில்லை. ஸனூஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எந்தச் சேலையில் அந்த முகம் மாறுகிறது என்று காத்திருந்தாள்.

ஸனூஸ் ஞாபகத்தை அடியோடு கிளறினார். தம்பையாவின் விரல் நுனியில் தேயிலைக் கறை இருந்தது தெரிந்தது. படத்தின் ஓரத்துப் பூஞ்சணம் தெரிந்தது. மூடியை மூடியது, வெளிச்சம் ஊர்ந்தது, திரையில் வரி வரியாகப் புள்ளிகள் இறங்கியது, பின்னால் நின்ற ஆட்கள் "ஆ" என்றது, எல்லாம் நேற்று மாதிரி வந்தன. படம் வரவில்லை. பெரியாயி வந்த அன்றைக்கோ அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஒரு சேலையைத் தொட்டார், விட்டார். இன்னொன்றைத் தொட்டார்.

"மகள்" என்றார். "நான் அந்தப் படத்தப் பாக்கல்ல."

"கையில வாங்கினீங்களே நானா?"

"வாங்கினன். பூஞ்சணம் எங்க ஈக்கின்னு பாத்தன், கவுத்து வெச்சன். அதுக்குப் பொறகு ஸ்கிரீனத்தான் பாத்தன். கடையில நின்ட எல்லாரும் ஸ்கிரீனத்தான் பாத்தாங்க. படத்தப் பாத்துக்கொண்டு நின்டது ஒங்க அப்பா மட்டுந்தான்."

ஸைனப் விரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டாள். ஜீவராணி அந்தச் சிவப்புக் குவியலைக் கையால் கலைத்தாள். வெளியே பண்டாரவளை பஸ் ஹோன் அடித்துப் போனது.

"அந்த மெஷின்ல இருக்கிற செகப்பு இதுல எது?" என்று கேட்டாள்.

அது ஸனூஸுக்குத் தெரியும். அந்தப் பதினாறையும் அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். குவியலின் அடியிலிருந்து ஒரு அரக்குச் சேலையை இழுத்துக் கொடுத்தார். உயிரில்லாத, இருண்ட சிவப்பு.

"இதையே பார்சல் கட்டுங்க அக்கா" என்றாள் ஜீவராணி ஸைனப்பிடம். பிறகு ஸனூஸ் பக்கம் திரும்பினாள். "இதுதான் அம்மா கலர்னு எம்பொண்ணுகிட்ட நான் சொல்லப் போறேன். சடங்கன்னைக்கு அவ மனசுல சந்தேகத்தோட நிக்கக் கூடாது. அவ கெட்டிக்காரி, நான் சொன்னா மட்டும் நம்ப மாட்டா. நாளைக்கு நீங்க வரணும் நானா. படத்தைப் பாத்தவரு நீங்கதானேன்னு கேப்பா. ஆமான்னு சொல்லுங்க."

ஸனூஸ் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள், அவர் காலையில்தான் அதை நம்பி எல்லாவற்றையும் கொட்டியிருந்தார்.

"வாறன் மகள்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனார். ஜீவராணி இருந்த லயத்துக்கு முன்னால் தகரப் பந்தல் போட்டு வாழை கட்டியிருந்தார்கள். மதுஷா அந்த அரக்குச் சேலையைக் கட்டி, பூவும் நகையுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜீவராணி ஸனூஸைக் கூட்டிப்போய் முன்னால் நிறுத்தினாள். பிள்ளை அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"எங்க அம்மாயி படத்தை நீங்கதான் பாத்தீங்களாம்? இதே கலரா?"

"இதே கலர்தான் மகள்."

பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. சேலைத் தலைப்பை எடுத்து மடியில் நீவிக்கொண்டது. தாய் அங்கிட்டு நகரும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, பள்ளிக்கூடத்தில் யாரோ எதையோ சொல்லிப் புண்படுத்தியிருக்க வேண்டும், அந்த மாதிரி ஒரு குரலில் கேட்டது.

"அவங்க மொகம்? என்னைய மாதிரிக் கறுப்பா, இல்ல அம்மா மாதிரியா?"

ஸனூஸ் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. தாமதித்தால் அது கண்டுபிடித்துவிடும்.

"ஒங்கட நெறந்தான்" என்றார். "அப்பிடியே ஒங்கட நெறம்."